முதுகில் வைத்த கை

கல்கத்தாவுக்குப் போய் மஞ்சள் டாக்ஸியைப் படம் எடுக்காமல் திரும்பி வருவது கஷ்டம். நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, கீழே 'வங்காளத்தின் ஆன்மா' என்று எழுதி வைக்கிற துணிச்சல் எனக்கு வந்ததில்லை. உதய்க்கு வந்தது.

நான் தமிழிலேயே சொல்கிறேன், சியாமளா தங்கச்சி மொழிபெயர்க்கட்டும். இத்தனை வருடம் இருந்தும், ஜெர்மனில் வாய் திறந்தால் எனக்கு மன்னிப்புக் கேட்கிற குரல்தான் வருகிறது. இன்றைக்கு அந்தக் குரல் வேண்டாம்.

என் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். ஹம்பேர்க் தொடருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் படக்கடை வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டுப் படம், கல்யாணவீடு, சாமத்தியவீடு. பெரியபிள்ளையான பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிவந்து, புகை போட்டு மேடையில் இறக்குவார்கள். நான் ஏணியில் ஏறி நின்று எடுப்பேன். சோறு போட்ட தொழிலைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்கிறேன். சீ என்று போய்விட்டது எனக்கு.

உதய் திருச்சிப் பெடியன். இங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. பெரிய அளவில் படம் அச்சடிக்கக் கடைக்கு வந்து பழக்கமானான். வருடாவருடம் இரண்டு பேரும் கல்கத்தா போவோம். எனக்கு வங்காளம் பேச வரும். அகதி விடுதியில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவர்கள் பங்களாதேஷ்காரர். அவனுக்கு 'தாதா, ஃபோட்டோ', அதாவது அண்ணா, படம் என்ற இரண்டு சொல் வரும். ஆகவே நான் தேநீர்க்கடைக்காரரிடம் போய் அவருடைய மகளின் பரீட்சை பற்றி விசாரிப்பேன். மனிதர் முகம் இளகும். அந்த நேரம் பார்த்து இவன் எடுத்துவிடுவான். பிறகு இங்கே ஜெர்மன்காரர்கள் வைன் கிளாசும் கையுமாக அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, இந்தக் கண்களில் எத்தனை நூற்றாண்டுத் துயரம் என்று உருகுவார்கள். மகள் கணக்குப் பாடத்தில் கோட்டைவிட்ட துயரம் அது.

எங்கள் வேலைமுறையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்கு விளங்காது. ஊர்வலத்தைப் படம் எடுக்கிறவன் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடக்கவேண்டும். கண் கமராவில் இருக்கும். பின்னால் இருப்பது சாக்கடையா மாடா என்று தெரியாது. அதனால் நான் அவனுக்குப் பக்கத்தில், போகிற வழியைப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தபடி நடப்பேன். மேளச் சத்தத்தில் வாயால் சொன்னால் கேட்காது. கை முதுகில் இருந்தால் பாதை சரி, நடக்கலாம். கை எடுபட்டால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். ஒருமுறை காலேஜ் தெருவில் நான் கையை எடுத்தேன். அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். ட்ராம் அவனுடைய தோள்பையை உரசிக்கொண்டு போனது. பயப்படவில்லை, சிரித்தான்.

"அண்ணா, உங்க கை இருக்கற வரைக்கும் எனக்கு இன்ஷூரன்ஸே வேண்டாம்" என்றான்.

எப்போதும் இரண்டு கமரா கொண்டுவருவான். ஒன்று அவன் கையில், மற்றது என் கழுத்தில். அவன் லென்ஸ் மாற்றுகிற நேரங்களில் என்னிடம் இருப்பதில் நான் எடுப்பேன். எடுத்தவையெல்லாம் அவனுடைய கணினிக்குள் போய் அவனுடையவை ஆகிவிடும். திருடினான் என்று சொல்லமாட்டேன். எது யார் எடுத்தது என்று பார்க்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். திருடுகிறவனாவது பொருள் உன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறான்.

போன வருடம் துர்க்கை பூசைக்கு முன்னால் அவனுடைய புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. ரிக்ஷா இழுப்பவர் தன்னுடைய ரிக்ஷாவிலேயே கால் நீட்டிப் படுத்துப் பத்திரிகை படிக்கிற படம் அட்டைக்கு. அது நான் எடுத்தது. கடையில் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, அந்தப் படத்துக்குக் கீழ என்ர பேரைப் போடுங்கோவன்."

"நன்றி பக்கத்துல போட்டிருக்கேனே அண்ணா. 'என் முதுகின் கண்களுக்கு'ன்னு. பப்ளிஷருக்கே அந்த லைன் ரொம்பப் பிடிச்சிருந்தது."

"பேர் போடேல்லையோ?"

"பேரு போட்டா அந்த பியூட்டி போயிடும்ணா."

ஓம் என்று தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே குடித்தான்.

இங்குள்ள வங்காளிகள் துர்க்கை பூசை முடிகிற நாளில் தேவியை ஆற்றில் போடுவதில்லை. அனுமதி இல்லை, சிலையும் அடுத்த வருடத்துக்கு வேண்டும். கலசத்தை மட்டும் எல்பே ஆற்றங்கரைக்கு மேளத்தோடு கொண்டுபோய் நனைப்பார்கள். அதற்கு முன் கல்யாணமான பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் குங்குமத்தை அள்ளி அப்பிக்கொள்வார்கள். குளிருக்கு அங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு, முகம் மட்டும் சிவப்பாக வருவார்கள். அழகுதான், பொய் சொல்லக்கூடாது. உதய் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அதுதான் வேண்டும் என்றான். 'புலம்பெயர்ந்த தேவி' என்று தலைப்பும் தயார். படம் இன்னும் எடுக்கவில்லை, தலைப்பு தயார்.

அன்று காலையில் நான் முன்கூட்டியே போய்ப் பாதையைப் பார்த்தேன். எப்போதும் செய்கிறதுதான். கரை நெடுகக் கம்பித்தடுப்பு இருந்தது. பாதை ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்புகிறது; திரும்பாமல் நேரே போனால் படகு கட்டுகிற இடம், அங்கே தடுப்பு இல்லை. கல்சுவரும் அதற்குக் கீழே தண்ணீரும்தான். பார்த்துவிட்டுப் போய் ஒரு கோப்பி குடித்தேன்.

மிச்சம் உங்கள் பொலிஸ் கோப்பில் இருக்கிறது. மேளம், குலவை, நெரிசல், கூட்டத்தில் என் கை வழுக்கிவிட்டது, அவன் விழுந்துவிட்டான். அவனுடைய மனைவி ஸ்வர்ணா செத்தவீட்டில் என் கையையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க கை வழுக்கிருச்சு, அவ்வளவுதான் அண்ணா. அதையே நெனச்சு உடம்பக் கெடுத்துக்காதீங்க."

அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. உங்களிடமும் அதையே சொன்னேன். என் கழுத்தில் கிடந்த கமராவை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். அத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது அவனுடைய நினைவுக் கண்காட்சி நடக்கிறதே, போய்ப் பார்த்தீர்களா? வாசலிலேயே சுவர் நிறைய ஒரு படம். குங்குமம் பூசிய பெண்கள், எல்லோருடைய வாயும் திறந்தபடி, ஒருத்தியின் கை காற்றில், மேளக்காரரின் குச்சி தோலைத் தொடாமல் நிற்கிறது. கீழே உதய் என்று பெயர். 'அவன் கடைசியாகப் பார்த்தது' என்று தலைப்பு. பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடுகின்றன. பரவசமாம். தேவி இறங்கிய கணமாம். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் எனக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

யாராவது ஒருவருக்கு யோசிக்கத் தெரிகிறதா பாருங்கள். அந்தப் பெண்கள் கமராவைப் பார்க்கவில்லை. கமராவுக்குப் பக்கத்தில், கீழே, தண்ணீரைப் பார்க்கிறார்கள். அவர்கள் பரவசத்தில் கத்தவில்லை. ஆள் விழுந்துவிட்டான் என்று கத்துகிறார்கள். உதய் அப்போது ஆற்றுக்குள் இருந்தான், அவனுடைய கமராவும் ஆற்றுக்குள். தண்ணீருக்குள் கிடக்கிறவன் கரையில் நின்று படம் எடுக்க ஏலாது. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

உயிர்காப்பு வளையம் பக்கத்துக் கம்பத்தில் தொங்கியதை நீங்கள் கேட்கமுன்னரே சொல்லிவிடுகிறேன். கண்டேன். ஆனால் முப்பது வருடம் பல்லக்கையும் புகையையும் எடுத்தவனுக்கு முன்னால் அப்படி ஒரு முகவரிசை, அப்படி ஒரு வெளிச்சம். வளையத்தை எடுக்கப் போயிருந்தால் அது கலைந்திருக்கும். எடுத்து முடித்த பிறகு மற்றவர்கள் எறிந்தார்கள். அவன் அங்கே இல்லை.

கை வழுக்கவில்லை என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். வழுக்கியிருந்தால் அவன் நின்றிருப்பான். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றிருப்பான். பாதை திரும்பிய இடத்தில் நான் அவனைத் திருப்பவில்லை. தள்ளவும் இல்லை. உள்ளங்கையை முதுகில் அப்படியே வைத்திருந்தேன், அவனுடைய குதிகால் விளிம்பைத் தாண்டும்வரை. சட்டைக்குள்ளால் சூடு தெரிந்தது. நல்ல நம்பிக்கையோடு நடந்தான்.

கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். எனக்கு அவனோடு கோபம் ஒன்றும் இல்லை. நான் வந்தது ஒரு திருத்தத்துக்கு. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் அந்தப் படத்துக்குக் கீழே உதயின் பெயரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடவேண்டும். ஸ்வர்ணாவிடம் சொல்லுங்கள், செய்வாள். நல்ல பிள்ளை, நான் எது கேட்டாலும் மறுக்கமாட்டாள்.