ரெண்டு பிஸ்கட்தான் சாப்பிட்டாங்க

இந்த இன்ஸ்பெக்டர் அம்மா அடுப்படிப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஃபட்ஜ் என்கிற சாக்லேட் இனிப்பைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். கால் மணி நேரம். ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், சாக்லேட், கொஞ்சம் வெண்ணெய், மூன்றையும் சிறு தீயில் உருக்க வேண்டும். இறக்கிய பிறகு, பட்டையும் கிராம்பும் சுக்கும் மணக்கிற மசாலா பிஸ்கட்டை உடைத்துப் போட வேண்டும். பொடித்தால் களியாகிவிடும். தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் துண்டு போடலாம். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்துவிடுவார்கள். என் நாத்தனார் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர், தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர், பத்தொன்பது வருடம் எங்களோடு இருந்தவர். நான் சமைத்த எதையும் அவர்தான் முதலில் வாயில் வைப்பார். விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு மெல்லுவார்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"இருக்கு."

அவ்வளவுதான். என் கணவர் தட்டைப் பார்த்துச் சிரிப்பார். அக்கா சிரித்தால் சிரிக்கவும் முறைத்தால் விழுங்கவும் பழகிய மனிதர்.

ஃபட்ஜை மட்டும் நாத்தனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "மூளைக்கு வேலை இல்லாததுன்னா உனக்கு நல்லாத்தாம்மா வருது" என்றார். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வாரம் ஒரு தட்டு செய்தேன்.

அவருக்குச் சர்க்கரை நோய். இனிப்பைத் தொடவே கூடாது, பசித்தால் ரெண்டு பிஸ்கட் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆயுள் முழுக்க இலக்கணம் நடத்தியவருக்கு வழியா கிடைக்காது?

"இதுல பிஸ்கட்தானே போட்டிருக்கு? அப்ப இது பிஸ்கட்."

அன்று முதல் எங்கள் வீட்டில் ஃபட்ஜுக்குப் பெயர் பிஸ்கட். என் கணவரும் அப்படியே சொன்னார். ஒரு மாதத்தில் அப்படியே நம்பவும் செய்தார். ரெண்டு என்றால் ரெண்டுதான். துண்டு எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்கவில்லை. நான் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன்.

மூன்று நாளாக நாத்தனார் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்காம் நாள் காலை நாற்காலியில் சரிந்தார், வாய் குழறியது. சர்க்கரை பார்க்கும் கருவி வேலை செய்யவில்லை. அதன் வட்டப் பேட்டரி என் சமையல் தராசில் இருந்தது. போன வாரம் நான்தான் மாற்றிப் போட்டேன். கணவர் டாக்டருக்குப் போன் செய்தார்.

"இன்சுலின் ஊசி போட்டாச்சு டாக்டர். ரெண்டு பிஸ்கட்தான் சாப்பிட்டாங்க."

அப்படியானால் சர்க்கரை இறங்கியிருக்கும், சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், தெளியாவிட்டால் உடனே கூட்டிவாருங்கள் என்றார் டாக்டர். என் கணவர் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டு மொழியில் அது உண்மை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் சர்க்கரையைக் கலக்கினேன். ஸ்பூனில் நானே புகட்டினேன். எப்படி இருக்கு அண்ணி என்று கேட்டேன்.

"தூங்கறாங்க, எழுப்பாதீங்க" என்று கணவரிடம் சொன்னேன். சாயங்காலம் வரை அவர் எழுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார் நாத்தனார். அப்புறம் இல்லை.

இன்று காலை கணவர் இங்கே, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பேசினார்.

"தெரியாம செஞ்சுட்டேன்னு சொல்லிடு. இவளுக்கு அவ்வளவு விவரம் பத்தாதுன்னு நானும் சொல்லியிருக்கேன். விட்டுடுவாங்க. தயவுசெஞ்சு சொல்லும்மா."

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவோடு காத்திருந்தார். அவருக்கும் அதுதான் வசதி என்று தோன்றியது.

"முடியாதுங்க" என்றேன். "எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன்."

கொலைகாரி என்று எழுதினால் எழுதிக்கொள்ளட்டும். விவரம் பத்தாதவள் என்று எழுத நான் விடமாட்டேன்.