பாட்டு முடிகிற இடம்

நம் ரேடியோ ஸ்டேஷனின் அந்த ஒலி மிக்ஸர் மேசையில் எந்தப் பழுதும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். ஹெட்ஃபோன் இணைப்பில் கோளாறு, ரிப்பேர்க்காரர் கவனிக்காமல் விட்டுவிட்டார், மேசையையே கழற்றிவிட்டு வேறு போடலாம் என்று நீங்கள் அறிக்கை எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். ரிப்பேர்க்காரரை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். என் நாற்காலியில் டீயைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போகிற ஆள் அவர். மேசை மேல் மட்டும் பழி போடாதீர்கள். வேறு யாரும் அதற்குத் தூசிகூடத் தட்டியதில்லை. நான்தான் சின்ன பிரஷ்ஷை வைத்து இடுக்கு இடுக்காகத் துடைப்பேன். என் கையில் அது ஒருநாளும் தப்பு செய்ததில்லை.

எங்கள் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரிந்ததுதான். சனிக்கிழமை சாயங்காலம், சோலும் ஃபங்க்கும், அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு. மனசைப் பிழிவது சோல், இடுப்பைப் பிடித்து ஆட்டுவது ஃபங்க், அவ்வளவுதான் வித்தியாசம். பழசு ஒன்று போட்டால் அடுத்தது புதுசு. கைக்குக் கிடைத்ததைப் போடுவதில்லை. பழைய பாட்டுக்குப் பேத்தி முறையாகிற புதுப் பாட்டைத் தேடிப் பிடித்துப் பின்னாலேயே போடவேண்டும். அந்த ஜோடி பொருத்தத்துக்காகத்தான் நேயர்கள் காத்திருப்பார்கள். பொருத்தம் பார்ப்பது என் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவது என் வீட்டுக்காரர் வேலை. நேயர்கள் அவருக்கு வைத்த பேர் தேன்குரல். பொய்யில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் கழுத்தை நீட்டினேன்.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்க அலாரம் வைத்து எழுந்திருப்பார். அவரிடம் ஒரே ஒரு குறை. பாட்டை முடியவிடமாட்டார்.

சோல் பாட்டில் உயிர் இருப்பதே முடிகிற இடத்தில்தான். சொல்லவேண்டிய வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய், பாடுகிறவள் வெறும் மூச்சாக, முனகலாக மிஞ்சி நிற்பாள். டிரம்ஸ்காரன்கூட அந்த நேரத்தில் பயந்து பயந்துதான் தட்டுவான். சரியாக அங்கேதான் இவர் வாயைத் திறப்பார். "அடடா, என்ன குரல், என்ன குரல்! நேயர்களே, அடுத்து வரப்போற ஜோடி இருக்கே, நேத்து ஷேவ் பண்ணிட்டிருக்கும்போது யோசிச்சேன்." நான் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து தேடிய ஜோடி அது.

சொல்லிப் பார்த்தேன். "என்னங்க, அந்தக் கடைசிய மட்டும் விட்டுடுங்களேன். பாட்டு முடியற இடத்துலதான் உயிர் இருக்கு."

"நீ பொத்தானப் பாரும்மா. ஜனங்க பாட்டுக்கா வர்றாங்க? வாய்க்கு வர்றாங்க" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறாமை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மைக் முன்னால் உட்காரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்ததே இல்லை. பாட்டுக்காகத்தான் எல்லாம்.

அவருடைய ஹெட்ஃபோனுக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று அவர் மேசையில், ஒன்று என் மேசையில். நான் அனுப்புகிற அளவைத்தான் அவர் தன் குமிழைத் திருகிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். நான் என் பக்கத்தில் மயிரிழை குறைத்தேன். அடுத்த வாரம் இன்னும் ஒரு மயிரிழை. அவர் தன்னையறியாமல் தன் குமிழைக் கூட்டிக்கொண்டே வந்தார். அது ஒருநாள் கடைசியில் போய் முட்டிக்கொண்டது. அதற்குமேல் திருக இடமில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டிலும் அப்படித்தான். டிவி சத்தத்தை ஒரு புள்ளி குறைத்து வைப்பேன். பேசும்போது குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன். "என்ன சொன்ன?" என்பார். "இவ்வளவு சத்தமா சொல்றேன், கேக்கலையா?" என்பேன். அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது சுத்தமாகப் போய்விட்டது. யார் என்ன திட்டினாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். குடும்பத்தில் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கவைப்பது என் வீட்டுக்காரர்தான். அதனால் நான் எதையும் விதைக்க வேண்டியிருக்கவில்லை, பயம் ஏற்கெனவே உள்ளே இருந்தது.

ஒருநாள் படுக்கையில் கேட்டார். "ஏம்மா, இந்த ஃபேன் சத்தம் போடுதா?"

புது ஃபேன். பூனை நடக்கிற மாதிரி ஓடும். "கடகடன்னு உயிர வாங்குதே, உங்களுக்குக் கேக்கல?" என்றேன்.

ஃபேனையே அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "நீ பக்கத்துல இருக்கேல்ல, அது போதும்" என்றார். எனக்கும் மனசு நிறைவாக இருந்தது.

நான் நினைத்தது நடந்தது. பயம் வந்தவன் வாயை மூடுகிறான். எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று தெரியாமல் அவர் முன்னால் குனிந்து, பாட்டைக் கடைசி மூச்சுவரை கவனிக்க ஆரம்பித்தார். பேச்சே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அந்தப் பாட்டுகள் முழுசாக முடிந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஆனால் நேயர்கள் போன் போட்டார்கள். "இப்பல்லாம் பாட்ட முழுசா விடறீங்க சார். என்ன ரசனை சார் உங்களுக்கு!" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேன் சொட்டச் சொட்ட, "சார், பாட்டு முடியற இடத்துலதான் உயிர் இருக்கு" என்றார். நான் சொன்ன வார்த்தை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நல்ல விஷயம் யார் வாயிலிருந்து வந்தால் என்ன?

நிறுத்தாததற்குக் காரணம் வேறு. காது டாக்டரிடம் அவரே நேரம் வாங்கிவிட்டார், திங்கட்கிழமைக்கு. டாக்டர் உள்ளே பார்த்தால் காது பளிங்கு மாதிரி இருக்கும். அப்புறம் பேச்சு மேசைப் பக்கம் திரும்பும், என் பக்கம் திரும்பும். எடுத்த வேலையை அரைகுறையாக விட்டு மாட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பழைய சோல் பாட்டு. முடிவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, பாடுகிறவள் மட்டும் மிஞ்சுவாள். அவர் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துக் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது. அவர் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. முகம்கூட அழகாக இருந்தது.

அவருடைய மைக்கை அடைத்தேன். மேசையில் சோதனை ஒலி என்று ஒன்று உண்டு. காலையில் வயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, ஒரே சீராகக் கூவும். அதை அவருடைய ஹெட்ஃபோனுக்கு மட்டும் திருப்பினேன். ஒலிபரப்புக்குப் போகவில்லை என்பதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு, அத்தனை வாரமாகக் குறைத்ததையெல்லாம் ஒரே திருகலில் திருப்பிக் கொடுத்தேன்.

உடனே கழற்றி எறிந்துவிடலாமே என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. காதை அழுத்தியிருந்த கைகள் முதலில் இன்னும் இறுக்கி அழுத்தின. அப்புறம்தான் அவருக்கு எதைப் பிடித்திருக்கிறோம் என்று புரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அகலமாகத் திறந்திருந்தது. நேயர்களுக்குப் பாட்டு ஒரு பிசிறுகூட இல்லாமல் கடைசி மூச்சுவரை போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே ஜோடியைப் போட்டுவிட்டுத்தான் எழுந்து அவரைப் பார்க்கப் போனேன். இதைத்தான் நீங்கள் பழுது என்கிறீர்கள்.

இரண்டு காதும் போய்விட்டது என்றார் டாக்டர். அந்தக் கூவல் மட்டும் நிற்காமல் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதாக இவர் சொல்கிறார். நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரைக்கு அலாரம் இப்போது நான் வைக்கிறேன். நிகழ்ச்சியையும் நானே பேசி நடத்துகிறேன். எதையும் பாதியில் வெட்டுவதில்லை. பாட்டுக்கு மரியாதை கிடைத்துவிட்டது, எனக்கு வேண்டியது அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் மறுஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தார். பாஸ் கிடாரின் அதிர்வு கை வழியாக ஏறுகிறது போலிருக்கிறது, தலை தாளத்துக்குச் சரியாக ஆடியது. நான் ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

"பேசாத. முடியற இடம் வருது" என்றார். இன்னொரு கையையும் எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ரேடியோவை நிறுத்தினேன்.

கண்ணைத் திறந்தார். "கரண்ட் போயிடுச்சா?" என்று வீடே அதிரக் கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது.