உதட்டில் தடவிய எண்ணெய்

— கைய எடு அக்கா. என் மூஞ்சியத் தொடாத.

— முகமூடியக் கழட்டுன்னுதானேடி சொன்னேன்! பத்து நாளா ஒரு போன் கிடையாது, நான் கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. இன்னிக்கு எண்ணெய் ஆட்டிக்கிட்டிருக்கிற நேரத்துல வந்து நின்னுக்கிட்டு முறைக்கிற. உக்காரு மொதல்ல.

— உக்கார வரல. மிஷினை நிறுத்து. என்னால சத்தமாப் பேச முடியாது.

— இந்தா, நிறுத்திட்டேன். சொல்லு.

— சொல்றதுக்கு என்ன இருக்கு? கழட்டறேன், நீயே பாத்துக்கோ.

— அடிப்பாவி! என்னடி இது? அக்கி இப்படியா இருக்கும்? நீ சியோலுக்குக் கெளம்பறப்ப ஓரத்துல நாலு கொப்புளம், அவ்வளவுதானே இருந்துச்சு? கீழ் உதட்டுல தோலே இல்லயே!

— நீ குடுத்த எண்ணெய் அக்கா. உன் கையால கலந்து குடுத்த எண்ணெய்.

— என்னது?

— சியோல்ல டாக்டர் பாத்துட்டுக் கேட்டாரு, "எந்தப் புண்ணியவதிம்மா இதக் குடுத்தா"ன்னு. அக்கி இல்லயாம் இது. எண்ணெய் பட்டு வெந்த புண்ணாம்.

— இருடி, இரு. நான் குடுத்தது கமேலியா விதை எண்ணெய். இந்த மிஷின்ல, உன் கண்ணு முன்னாடி ஆட்டினது. அதுல மெலிசா இலை எண்ணெய் நாலு சொட்டு, டீ ட்ரீ ரெண்டே சொட்டு. மொதல்ல என் முழங்கையில தடவிப் பாத்தேன், அப்புறம் உன் முழங்கையில தடவினேன், ஒரு நாள் முழுக்கப் பொறுத்துத்தான் குடுத்தேன். அது பச்சப்புள்ளயக் கூட எரிக்காது, கேட்டியா?

— மொத நாலு நாளு, ஊர்ல இருந்தவரைக்கும், எரிக்கல. குளுகுளுன்னுதான் இருந்துச்சு. உன்ன வாயார வாழ்த்தினேன்.

— நான் என்ன சொல்லிக் குடுத்தேன்? இது அக்கியப் போக்காது, எரிச்சலையும் தோல் இழுக்கறதையும்தான் அடக்கும், டாக்டர் களிம்பை நிறுத்திடாதேன்னு சொன்னேனா இல்லயா?

— சொன்ன. நான் நிறுத்தல. களிம்பும் போட்டேன், இதையும் போட்டேன். சியோல் இசைக்குழுத் தேர்வு அன்னிக்குக் காலையில, உள்ள கூப்பிடறதுக்கு அரை மணி முன்னாடி, உதடு காஞ்சு போயிருக்கேன்னு அங்க போனப்புறம் மொத தடவையா உன் பாட்டிலைத் திறந்து நல்லா தாராளமாத் தடவினேன். மூங்கில் குழல் வைக்கிற எடத்துல நல்லா ஊறட்டும்னு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன? நெருப்பு. சரி, அக்கின்னா எரியத்தானே செய்யும்னு இன்னொரு தடவ தடவினேன். எரிச்சல் அடங்கத்தானே அக்கா இந்த எண்ணெய்! உள்ள போயி குழலை வச்சா, உதடு என்னோடது மாதிரியே இல்ல. காத்துதான் வருது, நாதம் வரல. அஞ்சு பேரு வரிசையா உக்காந்து பாக்கறாங்க. ரெண்டு நிமிஷம் நின்னேன். "பரவால்ல, நீங்க போகலாம்"னுட்டாங்க.

— ஐயோ, ஹேரான்.

— எனக்கு முப்பத்தொம்பது ஆவுது. நாப்பதுக்கு மேல கூப்பிட மாட்டாங்க. உனக்குத் தெரியாததா?

— தெரியும்டி.

— அந்த எடம் யாருக்குக் கெடச்சுதுன்னும் தெரியும்.

— ஓ... அதுக்குத்தான் பத்து நாளா போன எடுக்கலயா?

— உன் தங்கச்சி சன்மிக்கு. எனக்கு அடுத்த நம்பரு. கொப்புளம் கூட இல்லாத உதட்டோட போயி, அரை மணி நேரம் வாசிச்சிட்டு வந்தா.

— சொல்லி முடி. அரைகுறையா நிறுத்தாத. நான் தங்கச்சிக்காக உன் உதட்ட வேக வச்சேன்னு சொல்ல வர்ற. அதானே?

— நான் சொல்லல. ஊரு சொல்லுது. எங்க வீட்ல அவரு சொல்றாரு.

— தேக்சுவா? என்ன சொல்றாரு உன் வீட்டுக்காரரு?

— "கூடப் பொறந்தவள விட்டுட்டு உன்னத் தூக்கி விடறதுக்கு அவளுக்கு என்ன தலையெழுத்தா"ன்னு கேட்டாரு. என்னால பதில் சொல்ல முடியல.

— பதில் சொல்ல முடியலயா? உன் கையில இருக்கற குழல் யாருதுடி?

— அத இழுக்காத.

— இழுப்பேன். நான் மோட்டார் சைக்கிள்ல விழுந்து முன்பல்லு ரெண்டும் போனப்ப, இனிமே ஊத முடியாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, அந்தக் குழலை யாருக்குக் குடுத்தேன்? சன்மிக்கு அப்ப பதினாறு வயசு. அழுதா. "எனக்குத் தாக்கா"ன்னு கால்ல விழாத குறை. அவளுக்குக் குடுக்கலயேடி. மூச்சு உனக்குத்தான் இருக்குன்னு உன்கிட்ட குடுத்தேன். அவ ஒரு வருஷம் என்கிட்ட பேசல, கேட்டியா?

— அதுக்குத்தான் இப்ப கணக்குத் தீத்துக்கிட்டாளோ என்னவோ.

— வாயக் கழுவு.

— கழுவக் கூட முடியல, எரியுது.

— சரி, பாட்டில் எங்க? தூக்கிப் போட்டுட்டியா?

— பையிலேயே கெடந்துச்சு. தொடவே பிடிக்கல. இந்தா.

— பாட்டில் நம்மளுதுதான். என் கையெழுத்துதான். மூடியத் தெறக்கறேன்... ஏய். ஏய் ஹேரான், இத நீ மோந்து பாத்தியா?

— எங்க மோந்து பாக்க? அந்த ஜலதோஷத்துலதானே அக்கியே வந்துச்சு. ஒரு வாரமா மூக்கு அடைச்சுக் கெடந்தேன்.

— இப்ப மூக்கு எப்படி?

— இப்ப பரவால்ல.

— அப்ப மோந்து பாரு. கிட்ட வைக்காத, தூரத்துல வச்சே பாரு.

— இது... பல் டாக்டர் ரூம் வாசம் மாதிரி இருக்கே.

— கிராம்பு எண்ணெய்டி! ஒரு சொட்டு கூட வேற எதுவும் கலக்காத கிராம்பு எண்ணெய். பல்லு வலிக்கு பஞ்சுல தொட்டு வைக்கிறது. இத உதட்டுல, அதுவும் புண்ணு மேல, ரெண்டு தடவ...

— நீ இத வச்சிருக்கியா?

— இந்தப் பட்டறை பூரா தேடு. அந்த அலமாரியத் தெற. கமேலியா, எள்ளு, மெலிசா, டீ ட்ரீ, புதினா. கிராம்பு இருந்தா என் கைய வெட்டிப் போடு. யாரோ என் எண்ணெயக் கொட்டிட்டு இத ஊத்தியிருக்காங்க.

— யாரோ இல்ல. சியோல்ல விடுதியில நானும் சன்மியும் ஒரே ரூமு.

— அதனால என்ன?

— தேர்வுக்கு மொத நாளு நான் குளிக்கப் போனேன். அவ மட்டும்தான் ரூம்ல இருந்தா. பாட்டில் மேசை மேல இருந்துச்சு. நீ செஞ்சிருக்க மாட்ட, ஒத்துக்கறேன். ஆனா உன் தங்கச்சி செஞ்சிருப்பா.

— அவ அப்படிப்பட்டவ இல்ல.

— நெஞ்சத் தொட்டுச் சொல்லு.

— பதினாறு வயசுல ஒரு வருஷம் என்கிட்ட பேசாதவதான். பிடிவாதக்காரிதான். ஆனா இது... இது எனக்குத் தெரியல, ஹேரான்.

— அப்ப கேட்டுடலாம். நம்ம ஊரு சொக்விபோவுல கிராம்பு எண்ணெய் விக்கிற கடை எத்தன?

— ஒண்ணுதான். சந்தைத் தெருவுல வாசனை எண்ணெய்க் கடை. நானும் மெலிசா அங்கதான் வாங்கறேன்.

— போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. யாரு வாங்கினான்னு அந்தம்மா வாயால நான் கேக்கணும்.

— சியோல்ல கூட வாங்கியிருக்கலாம்.

— இங்க மொதல்ல கேளு. பயமா இருக்கா?

— பயமாத்தான்டி இருக்கு! அவ பேரு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? எங்கம்மா போனதுக்கப்புறம் நான் தூக்கி வளத்த புள்ள. அவ பேரு வந்துட்டா உன் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது, அவ மூஞ்சியிலயும் முழிக்க முடியாது.

— என் பொழப்பப் பத்தி யோசிச்சியா? இந்தப் பத்து நாளு எப்படிப் போச்சுன்னு தெரியுமா? சூடா எதையும் குடிக்க முடியாம, எங்க வீட்டுக்காரரு சிப்பிக் கஞ்சி காச்சி, விசிறி விசிறி ஆற வச்சு, ஸ்பூன்ல ஊட்டி விடறாரு. ஆரஞ்சு பறிக்கிற சீசன், தோட்டத்துல ஆள் பத்தல, எல்லாத்தையும் விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. "போனது போகட்டும் ஹேரான், சியோல் என்ன சியோல், இங்கயே இருந்து நாலு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடு, நான் இருக்கேன்"ங்கறாரு. அந்த ஒரு மனுஷன் இல்லன்னா நான் கடல்ல விழுந்திருப்பேன்.

— நல்ல மனுஷன்தான். யாரு இல்லன்னு சொன்னா?

— நீ போன் போடு.

— சரி. போடறேன். ஆனா ஒண்ணு. சன்மி இல்லன்னு தெரிஞ்சா?

— உன் கால்ல விழறேன். அவ கால்லயும் விழறேன். எடத்தை அவளே வச்சுக்கட்டும்னு வாயார வாழ்த்திட்டு வர்றேன்.

— மணி அடிக்குது. நீ பேசாத, நான் பேசிக்கறேன்.

— வாங்க கண்ணு, வாசனைக் கடை! யாரு பேசறது?

— அம்மா, நான் எண்ணெய்ப் பட்டறை சனோக்.

— அட, சனோக்கா! என்னம்மா, மெலிசா தீந்து போச்சா? போன வாரம்தான் புது சரக்கு வந்துச்சு, ஒரு பாட்டில் எடுத்து வைக்கட்டா?

— எடுத்து வைங்க. அம்மா, இன்னொண்ணு கேக்கணும். உங்க கடையில கிராம்பு எண்ணெய் இருக்குல்ல?

— இருக்கு கண்ணு. உனக்கு எதுக்கு அது? அது ரொம்பக் காரமாச்சே.

— எனக்கு இல்ல. இந்த மாசம் அத யாராவது வாங்கினாங்களா? எங்க சன்மி... என் தங்கச்சி வந்தாளா அங்க?

— சன்மியா? அவளப் பாத்து ஆறு மாசம் ஆவுதே! சியோல்ல வேலை கெடச்சிருச்சாமே, நல்லா இருக்கட்டும் புள்ள. கிராம்பு யாரு கண்ணு வாங்கறா இந்தக் காலத்துல? எல்லாரும் லாவெண்டர் லாவெண்டர்னுதான் வர்றாங்க.

— கேட்டியா ஹேரான்? அவ இல்ல! என் தங்கச்சி இல்லடி!

— யாரு கண்ணு, பக்கத்துல ஆளு இருக்கா?

— ஒரு சிநேகிதி இருக்காம்மா. நீங்க சொல்லுங்க, யாருமே வாங்கலயா?

— யாருமேன்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆளு வாங்கினாரு. ரெண்டு வாரம் இருக்கும். கமலா ஆரஞ்சுத் தோட்டக்காரரு, ஒரு பை பழம் கூடக் குடுத்துட்டுப் போனாரு, தேனு மாதிரி இருந்துச்சு. அவரு வீட்டம்மாவுக்குப் பல்வலியாம். மூங்கில் குழல் ஊதறவங்களாமே, சியோல்ல ஏதோ தேர்வு இருக்குன்னு பாவம் அவருக்கு ஒரே கவலை.

— எனக்குப் பல்வலியே இல்லயே அக்கா.

— சனோக்? லைன்ல இருக்கியா?

— இருக்கேன்... இருக்கோம்.

— அப்படி ஒரு புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் கண்ணு, எவ்வளவு கவனமான மனுஷன்! பல்லுல மட்டும் வைங்க, உதட்டுல பட்டா வெந்துரும்னு நான் சொன்னதும், எத்தன சொட்டு பட்டா வேகும்னு கூடக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரு.