வாறன் என்ற சொல்

எனக்கு முன்னால் இரண்டு பேர் குசுகுசுத்தால் பிடிக்காது, ஐயா. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கலியாண வீட்டிலும் அப்படித்தான். என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று மனம் உடனே சொல்லிவிடும்.

காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கரை. அங்குள்ள மீனவர் சங்கத்துக்காக இணையத்தில் மூன்று சேவைகள் ஓடின. ஒன்று காற்றைப் பார்க்கும். ஒன்று படகுகள் நிற்கும் இடத்தைப் பார்க்கும். மற்றது, ஆபத்தென்றால் கடலில் நிற்பவர்களுக்குத் தொலைபேசி எடுக்கும். என்னோடு வேலை செய்த பிரவீணன்தான் எழுதினான். அவற்றுக்கு மேலே தலைமை என்று ஒன்றுமில்லை. ஒன்று சொல்வதை மற்றது கேட்டு, தானே முடிவெடுக்கும். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எனக்குத் தெரியாமல் அவை தங்களுக்குள் கதைப்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அதனால் நான் ஒரு நடுவம் எழுதினேன். எல்லாச் செய்தியும் அதற்கு வரவேண்டும், அது சொன்னால்தான் எதுவும் நடக்கவேண்டும். சங்கத் தலைவர் பரமலிங்கத்துக்குப் பிடித்துவிட்டது. பிரவீணன் மட்டும் முகத்தைச் சுழித்தான்.

படகெடுக்கும்போது 'கடல்' என்றும், திரும்பும்போது 'வாறன்' என்றும் ஒரு சொல் அனுப்பச் சொன்னோம். 'வாறன்' போட்டவரை நடுவம் பிறகு அழைக்காது. பிரவீணன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, எங்கடை சனம் போகேக்கையும் 'வாறன்' எண்டுதானே சொல்லும். என்ரை அண்ணர் செத்தாலும் வேறை சொல்லமாட்டார்."

திருத்துகிறேன் என்றேன். திருத்தவில்லை. திருத்தினால் அவன் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

அன்று பின்னேரம் அவனுடைய அண்ணர் கேதீஸ்வரன் தனியே படகெடுத்தார். சங்கத்துக்கு 'வாறன்' என்று அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் காற்று எச்சரிக்கை வந்தது. நடுவம் எல்லோரையும் அழைத்தது, அவரைத் தவிர. எல்லோரும் கரை திரும்பினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். படகுச் சேவை என் நடுவத்தைக் கேட்காமல் அழைப்புச் சேவையோடு நேரே கதைக்கப் பார்த்தது. பிரவீணன் பழைய பாதையை மூடாமல் வைத்திருந்திருக்கிறான். எனக்குப் பின்னால், எனக்குத் தெரியாமல். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, ஐயா.

அந்தச் செய்தியைத் திறந்து வாசித்தேன். கேதீஸ்வரன் ஆழ்கடலில் நிற்கிறார், உடனே அழை என்றிருந்தது. அவருடைய இலக்கம் என் கைத்தொலைபேசியிலும் இருந்தது. நான் அந்தப் பாதையை மூடினேன். நான் தடுத்தது ஒரு களவுக் கதையை.

பிறகு கன்ரீனுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தேன். காற்றில் தகரங்கள் அடித்துக்கொண்டன.

கீரிமலைப் பக்கம் அவருடைய உடல் கரையொதுங்கியது. பிரவீணன் திறந்து வைத்த கள்ளப்பாதையால்தான் எல்லாம் குழம்பியது என்று சங்கத்தில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான், பாவம். அண்ணரைத் தானே கொன்றுவிட்டதாக எண்ணி இப்போது சாப்பிடுவதில்லையாம். விசாரிக்க வந்த நீங்கள் இவ்வளவு தூரம் தோண்டாவிட்டால் அது அப்படியே போயிருக்கும்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி தயாளினி என் கையைப் பிடித்தாள்.

"வாசலிலை நிண்டு 'வாறன்' எண்டுதான் சொன்னவர். உங்களுக்கும் அப்பிடித்தானே அனுப்பினவர்?"

"ஓம்" என்றேன். அது பொய்யில்லை.

அவள் கேட்டது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. வேண்டுமென்றால் நீங்களே திறந்து பாருங்கள், ஐயா. என் நடுவத்தில் கேதீஸ்வரன் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறார். அதில் ஒரு பிழையும் இல்லை.