கடைமடை

காபியில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், டாக்டர். என் அண்ணன் மகள் பிருந்தாவுக்கு எதையும் அளவாகப் போடத் தெரியாது. கொஞ்சம் மந்தம். அம்மா இல்லாத பெண்ணை அப்பன் வளர்த்த லட்சணம் அது.

நீங்களும் பாவம், அலைந்து திரிந்து காவாந்தண்டலம் வரை வந்திருக்கிறீர்கள். வந்து என்ன சொல்கிறீர்கள்? என் அண்ணன் கன்னியப்பனுக்கு இரண்டு கண்ணும் போனதற்குக் காரணம் தெரியவில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதப் போகிறீர்களாம். டாக்டர் மோகனா என்று பெரிய பெயர் வாங்கியவர் இப்படி ஒரு வரி எழுதலாமா? அதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்தில் நீங்கள் முகாம் போட்டபோது நான் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணில் அழுத்தம் சரியாக இருந்தும் சிலருக்கு க்ளாக்கோமா வந்து பார்வை போகிறதே, அது கண் நரம்புக்கு ரத்தம் போதாததாலா என்று பார்ப்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. இரவு முழுக்க ரத்த அழுத்தம் அளக்கிற பட்டையை வீடு வீடாகப் போய்க் கட்டிவிட்டு வருவது என் வேலை. ஜனங்களுக்கு அது எதற்கென்று புரிந்ததா என்ன? கண்ணாடி இனாமாகக் கிடைக்குமா என்பார்கள். மாகறலில் ஒருவர் பட்டையைக் கழற்றித் தன் கன்றுக்குட்டியின் காலில் கட்டிப் பார்த்தார். இவர்களுடைய கண் இருந்தால் என்ன, போனால் என்ன என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கிறது. உங்களிடம் சொன்னதில்லை.

எல்லோருக்கும் தூக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்கு அளவு மீறி இறங்கும், அந்த நேரத்தில் கண் நரம்பு பட்டினி கிடக்கும் என்று நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள். அப்படிப்பட்டவர்கள் பி.பி. மாத்திரையை ராத்திரியில் போட்டால் இன்னும் இறங்கும், கேட்பாரில்லாமல் நரம்பு செத்துக்கொண்டே போகும் என்றீர்கள். ஊர்க்காரர்களுக்கு இதை எப்படி விளக்குவது என்று நீங்கள் விழித்தபோது நான்தான் வழி சொன்னேன். "ஏரியில தண்ணி எறங்கிட்டா மொதல்ல காயறது கடமட வயலுதான். கண்ணு நரம்பும் அப்படித்தான்னு சொல்லுங்க, புரிஞ்சிக்குவாங்க." மறுவாரமே ஒரு கூட்டத்தில் அதை உங்கள் சொந்த யோசனையாகச் சொன்னீர்கள். நானும் கை தட்டினேன்.

கடைமடை எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு வந்த நிலம் அங்கேதான் இருக்கிறது. அப்பா செத்ததும் அண்ணன் எனக்கென்று பிரித்துக் கொடுத்தது கால்வாயின் கடைசியில். தன் வயல் நிறைந்ததும் வாய்க்காலை அடைத்துவிடுவான். ஒருமுறை போய்க் கேட்டேன். வரப்பில் நின்றிருந்த ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"உனுக்கு எதுக்குடி நெல்லு? என் வூட்ல தானே துன்னுக்கினு கீற?"

கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் சமைத்துப்போடுகிறவள் நான். ஆட்களும் சிரித்தார்கள். ஆனால் இனிச் சொல்லப்போவதைக் கோபத்தில் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டும், அது அவனுக்குக் கிடையாது.

பிறகு முகாமில் அவனையும் பரிசோதித்தீர்கள். அவனுக்கு பி.பி. உண்டு. கண்ணில் அழுத்தம் சரி, நரம்பு மட்டும் ஓரத்தில் கெட ஆரம்பித்திருக்கிறது. பார்வை இன்னும் முழுசாக இருக்கிறது, கவனமாக இருந்தால் சாகும்வரை இருக்கும் என்று எதிரே உட்காரவைத்துச் சொன்னீர்கள். அவன் போனில் யாரிடமோ டிராக்டர் பேரம் பேசிக்கொண்டிருந்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே உங்களுக்குப் பதில் சொன்னான்.

"அதெல்லாம் இவளாண்ட சொல்லும்மா. மாத்திர மருந்துலாம் இவதான் பாத்துக்கினு கீறா."

தன் கண்ணைப் பற்றிய பேச்சு, டாக்டர். இரண்டு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். நீங்கள் என் பக்கம் திரும்பி, பி.பி. மாத்திரையைக் காலையில்தான் தர வேண்டும், மறந்தும் ராத்திரியில் கூடாது என்று சொன்னீர்கள். இது குடும்பத்தில் வருகிற நோய், கூடப் பிறந்த நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னீர்கள். சரி என்று தலையாட்டி வைத்தேன். அவனுக்கு வந்தது எனக்கு ஏன் வர வேண்டும்? அவன் புத்தியா எனக்கு வந்தது?

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைக் கொடுத்தேன். அதற்கப்புறம் தினமும் ராத்திரியில்தான். ஒன்றுக்கு இரண்டாக ஒருநாளும் கொடுத்ததில்லை. நீங்கள் எழுதிய அதே மாத்திரைதான். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தவறாமல் விட்டேன். நாளைக்குப் போலீஸ் வந்து வீட்டைக் கவிழ்த்துப் பார்த்தாலும் தப்பாக ஒரு பொருள் அகப்படாது. நான் நேரத்தை மட்டும்தான் மாற்றினேன்.

பார்வை ஓரத்திலிருந்துதான் சுருங்கும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது அப்படியே நடந்தது. வண்டியைக் கேட்டில் இடித்தான். வாளியை எத்தினான். பக்கத்தில் வந்து நிற்கிறவர்கள் தெரியாமல் திடுக்கிட்டான். அப்போதும் தன் கண்ணில்தான் கோளாறு என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. "எவன்டா இத இங்க வச்சது?" என்று வீட்டையே இரண்டாக்குவான். எதிரே இருப்பது தெரிந்தால் போதும், எல்லாம் தெரிகிறது என்று நினைக்கிற ஜென்மம்.

உங்கள் ஆஸ்பத்திரியில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்வீர்களே, அந்தப் பரிசோதனைக்கு நான்தான் கூட்டிவருவேன். திரைக்கு வெளியே உட்கார்ந்து பொத்தான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வரவரச் சத்தம் குறைந்துகொண்டே போனது. நீங்கள் குழம்பிப்போய்ச் சொட்டு மருந்தை மாற்றினீர்கள்.

"மாத்திரை காலையிலதானே தர்றீங்க, கோமளவல்லி?"

"காலையிலதான், டாக்டர்."

இதில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். உடனே நம்பினீர்கள். உங்களிடம் வேலை செய்தவள் தப்பு செய்யமாட்டாள் என்று நினைக்கிற அளவுக்கு உங்கள் மேல் உங்களுக்கு மதிப்பு.

முகம் ஏன் வெளுக்கிறது? யோசித்துப் பாருங்கள். ராத்திரி மாத்திரை நரம்பைக் கெடுக்கிறதா என்று அறிய வேண்டுமானால், கெடும் என்று தெரிந்தே ஒருவனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு யார் அனுமதி தருவார்கள்? அதனால் சந்தேகப்படுகிறோம், கருதுகிறோம் என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அனுமதி கேட்கவில்லை. ஒரு நல்ல கண்ணை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்த்துவிட்டேன். காரணம் தெரியவில்லை என்பதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

கொஞ்சம் இருங்கள், கூப்பிடுகிறான். பகலெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு இதே வேலை.

"கோமளா, யாரு வந்துகீறது?"

"யாருமில்லண்ணா. காத்துக்குக் கதவு ஆடுது."

பாருங்கள், நம்பிவிட்டான். இப்போதெல்லாம் ரொம்ப நல்லவனாகிவிட்டான். நான் ஊட்டினால்தான் சாப்பாடு.

அடடா, உங்கள் புடவை எல்லாம் காபியா? டம்ளரை இப்படி எனக்கு இடப்பக்கம் ஓரமாக வைத்தால் என் கை தட்டத்தான் செய்யும். எல்லாம் இந்தப் பெண்ணின் வேலை. எதை எங்கே வைக்கிறோம் என்ற நிதானமே கிடையாது. நேற்று நடைவழியில் முக்காலியைப் போட்டுவைத்து என் முழங்காலைப் பெயர்த்தாள். போன வாரம் குடத்தை.

எனக்கா? ஆமாம், பி.பி. வந்து கொஞ்ச காலம் ஆகிறது. மாத்திரை பிருந்தாதான் கொடுக்கிறாள். அப்பனுக்கு நான் கொடுக்கும்போதெல்லாம் என் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், அந்தப் பழக்கம். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் நான் கேட்காமலே தண்ணீரோடு வந்து நிற்பாள். "துன்னுட்டியா அத்த? இந்தா மாத்திர." மற்ற எல்லாவற்றிலும் மந்தம்தான், இதை மட்டும் ஒருநாள் மறந்ததில்லை. எனக்கு எந்த நேரத்தில் போட்டால் என்ன? கண் நோய் அவனுக்குத்தானே.

காபி கொடுத்த கையோடு அவள் உள்ளே போய்விட்டாள், டாக்டர், நாம் பேசியது எதுவும் அவள் காதில் விழுந்திருக்காது. நீங்கள் ஏன் என் இடது தோளுக்குப் பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? அங்கே யாரும் இல்லை.