பாட்டு தவிர வேறெதுவும் போடக்கூடாது

காலை ஆறரை மணிக்கு ஒரு பாட்டுப் போடுவது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுலபமான வேலையாகத் தெரியும். நேற்றுப் போட்டது சோகப் பாட்டு என்றால் இன்று கொஞ்சம் துள்ளலாக வேண்டும். வெள்ளிக்கிழமை என்றால் பக்தி. மழை பெய்தால் மழைப் பாட்டு. ஆனால் நாமக்கல்லில் பெய்து தம்மம்பட்டியில் பெய்யாவிட்டால் மலர்விழி டீச்சர் "இங்கே வெயில் சார்" என்று எழுதுவார். இதையெல்லாம் யோசித்து ஒன்பது வருடம், ஒரு நாள் தவறாமல் போட்டிருக்கிறேன். என் அப்பா இறந்த அன்றும் போட்டேன். அன்றைக்கு நூற்றுப் பத்துப் பேர் கைகூப்பினார்கள். பாட்டுக்கா அப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். இதுதான் முதல்.

என் பெயர் மதியழகன், வயது ஐம்பத்து நான்கு. நாமக்கல் பக்கத்தில் கோழித்தீவனம் அரைக்கிற ஆலை ஒன்றில் எடைமேடை பார்க்கிறேன். மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும். எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பேன். லாரி இறங்கிப் போகும். அடுத்தது வருவதற்குள் பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் வளர்த்ததுதான் 'சாருலோசனா கானக் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வீட்டில் என்னை யாரும் எதற்கும் கேட்பதில்லை, ஆலையில் லாரியின் எடையைத்தான் கேட்பார்கள். குழுவில் நான் அட்மின் சார்.

பாடகி சாருலோசனா மொத்தம் பாடியது அறுபத்து மூன்று பாட்டு. அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். அறுபத்து மூன்று பாட்டை ஒன்பது வருடம் தினம் ஒன்றாகப் போட்டால் ஒவ்வொன்றும் ஐம்பது தடவைக்கு மேல் வந்திருக்கும் என்று கெங்கவல்லி செந்தமிழன் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினார். அவரைக் குழுவிலிருந்து நீக்கவேண்டியதாயிற்று.

மற்றபடி எல்லாரும் அன்பானவர்கள். பாட்டுப் போட்ட மறு நிமிடம் மலர்விழி டீச்சர் "அருமை" என்பார். பாட்டு ஐந்து நிமிடம் ஓடும், அவருடைய அருமை நாற்பது நொடியில் வந்துவிடும். யாருக்காவது பேரன் பிறந்தால் அருமை, யாராவது வழுக்கி விழுந்தால் அதற்கும் அருமை. இன்னொருவர் தினமும் புல்லாங்குழல் வாசித்தது யார் என்று கேட்பார். வீணை மட்டும் இருக்கிற பாட்டுக்கும் கேட்பார். இதற்குப் பெயர்தான் குடும்பம்.

குழு ஆரம்பித்ததற்கு ஒரு கதை உண்டு. புதிதாக யார் சேர்ந்தாலும் முதலில் அதைத்தான் அனுப்புவேன். எண்பத்தொன்பதில் சேலம் பொருட்காட்சியில் சாருலோசனாவின் கச்சேரி. எனக்குப் பதினெட்டு வயது. முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பச்சைப் பட்டு கட்டி வந்தார். ஒரு துண்டுச் சீட்டில் அவருடைய தாலாட்டுப் பாட்டைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் மைக்கில் என் பெயரைப் படித்துச் சிரித்துவிட்டு, அதைப் பாடினார். இதைப் படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள்.

பரக்கத் அலியைப் பற்றிச் சொல்லவேண்டும். சேலத்தில் ஜவுளிக்கடை, வயது அறுபத்தொன்று. குழுவின் முதல் சந்திப்பை நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். எழுபது பேருக்கு அவர்தான் சேலத்திலிருந்து வேனில் பிரியாணி கொண்டுவந்தார். நன்றாகவே இருந்தது. கூடவே மகள் அஃபீபாவையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் மேடையில் அந்தத் தாலாட்டைப் பாடியது. இரண்டாவது சரணத்தில் சாருலோசனாவையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என்னை மதி மாமா என்று கூப்பிடும். பிறகு நாமக்கல்லில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிற தௌசீப்புக்கு அதைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போய் வாழ்த்தினேன். அந்தப் பெண்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரக்கத் அலி ஒரு ஒலிப்பதிவைக் குழுவில் போட்டார். கூடவே பேசியும் அனுப்பினார்.

"மதி சார், இதக் கேளுங்க. நீங்க சொல்லுவீங்களே, பொருட்காட்சிக் கச்சேரி. எங்க மாமா அன்னிக்கே டேப்புல புடிச்சு வெச்சிருக்காரு. பரண்ல கெடந்துச்சு. உங்க பேரு வர்ற எடத்த நான் இன்னும் கேக்கல. எல்லாரும் சேந்து கேப்போம்னு அப்படியே போட்டுட்டேன்."

எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். ஆரம்பத்திலேயே ஒருவர் மைக்கைத் தட்டிவிட்டு, சாருலோசனாவுக்குத் தொண்டை சரியில்லாததால் வரவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் பாடுவார், ரசிகப் பெருமக்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்றார். அதன்பின் இரண்டு மணி நேரம் அந்த வேறொரு பெண் பாடியது. துண்டுச் சீட்டும் இல்லை, என் பெயரும் இல்லை.

முதலில் டீச்சர் அருமை என்றார். பிறகு அன்பரசு பேசி அனுப்பினார். அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர்.

"ஏனுங்க அட்மினு, அப்ப பச்சப் பட்டு கட்டிக்கிட்டு வந்தது ஆருங்க?"

நாற்பத்தேழு பேர் சிரித்தார்கள். எண்ணினேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பரக்கத் அலி குறுக்கே வந்தார். "உடுங்க அன்பு. முப்பத்தஞ்சு வருசம் ஆச்சு. ஞாபகம் மாறத்தான் செய்யும். மதி சார் மனசுல அந்தம்மா பாடிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றார். அதற்கு எண்பத்தாறு இதயம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பொருட்காட்சிக்குப் போனது நிஜம். டிக்கெட்டுக்குக் காசு இல்லை. கச்சேரி ஆரம்பித்த பிறகு போய், தகர வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். பாட்டு நன்றாகக் கேட்டது. அது அவர் குரல்தான் என்று முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். பட்டும் சீட்டும் நான் சேர்த்தது. குரலை நான் சேர்க்கவில்லை. சாருலோசனா மூச்சு விடுகிற இடத்தை வைத்தே எந்தப் பாட்டு என்று சொல்லிவிடுவேன் என்று குழுவில் அடிக்கடி எழுதியவன் நான்.

அந்த வாரம் குழுவின் ஏழாவது விதியை எழுதினேன். 'பாட்டு தவிர வேறெதுவும் போடக்கூடாது. குறிப்பாக ரத்தம் தேவை, ஆளைக் காணவில்லை போன்றவை.' நியாயமான விதி. ரத்தம் கேட்டு வருகிற செய்திகளில் பாதி பழையவை. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். அன்பரசு மட்டும்தான் எதிர்த்தார். அவருக்கு ஓ நெகட்டிவ், அதுவரை இருபத்திரண்டு முறை கொடுத்தவர். ஒவ்வொரு செய்தியிலும் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டு விசாரித்து, நிஜம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். விதிக்கு நூற்று நாற்பது பேர் கட்டை விரல் காட்டினார்கள். டீச்சர் அருமை என்றார்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. மேடைமேல் லாரி இல்லை. பரக்கத் அலியின் குரல் செய்தி வந்தது. அஃபீபாவுக்கு நாமக்கல் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, குழந்தை நலம், ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். கையிருப்பில் இருந்த இரண்டு பை ரத்தமும் ஏற்றியாகிவிட்டது. சேலத்தில் ஏற்பாடு செய்து வரவழைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். "நம்ம குழுவுல நாமக்கல் ஆளுங்க யாராச்சும் இருந்தா ஓடியாங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்." பின்னால் ஒரு நர்ஸ் யாரையோ விலகச் சொல்வதும் கேட்டது. முழுவதையும் கேட்டேன். கேட்காமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

கேட்டுவிட்டு, எல்லாருக்கும் நீக்கு என்பதைத் தொட்டேன். அதற்குள் டீச்சர் அருமை என்று போட்டிருந்தார். அதை விட்டுவிட்டேன். பிறகு அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று குழுவை மாற்றிவைத்தேன். சும்மா இருக்கவேண்டாமே என்று ஒரு பாட்டும் போட்டேன். கையில் அகப்பட்டது அந்தத் தாலாட்டு.

ஐந்து நிமிடத்தில் பரக்கத் அலி போன் செய்தார்.

"மதி சார், மெசேஜ் போகமாட்டேங்குது. என்னன்னு தெரியல, எனக்குக் கை ஓடல. நீங்களே ஒரு தடவ போட்டு உடுங்க சார்."

"போட்டாச்சுங்க பாய்" என்றேன். "அன்பரசு பொறப்பட்டுட்டாருங்க. கூட இன்னொருத்தரும் வாராரு. ரெண்டு பேருக்கும் அதே குரூப்புத்தான்."

"அன்பு நம்பர் குடுங்க சார், நான் பேசிக்கிறேன்."

"பக்கத்தூருக்குப் போயிருந்தாருங்க, அங்கருந்து வண்டி ஓட்டிக்கிட்டு வாராரு, எடுக்கமாட்டாரு. சிவப்புச் சட்ட போட்டிருக்காரு. நீங்க வாசல்லயே நில்லுங்க, சாமி."

சிவப்புச் சட்டை ஏன் என்று கேட்டீர்கள். விவரம் இருந்தால்தான் ஒரு விஷயம் நம்பும்படி இருக்கும்.

போனை வைப்பதற்குள் அந்தப் பக்கம் அவர் பேசியது கேட்டது. தௌசீப் ஏதோ கல்லூரியில் ரத்தம் கொடுக்கிற பையன்கள் இருக்கிறார்கள் என்று வண்டிச் சாவியோடு கிளம்பியிருக்கிறான். இவர் தடுத்தார். "வேணாம் மாப்ள, அவ பக்கத்துலயே இரு. நம்ம குழு ஆளுங்க வாராங்க."

பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார். சுங்கச்சாவடியில் கூட்டம் என்றேன். பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார். ஒரு லாரி குடைசாய்ந்து பாதை அடைத்துக்கொண்டது என்றேன். எங்கள் பக்கத்தில் இது நடக்காத விஷயமில்லை. பன்னிரண்டரைக்கு, "இன்னொருத்தரு பேரு என்ன சார்? துஆ செய்யணும்" என்றார். நிலவன் என்றேன். அப்படி ஒருவர் குழுவில் இல்லை. வாய்க்கு வந்தது. ஒரு மணிக்கு, "உங்களுக்கும் ரொம்பத் தொந்தரவு குடுக்குறேன், மன்னிச்சுக்குங்க மதி சார்" என்றார். பரவாயில்லைங்க என்றேன். ஒன்று இருபதுக்கு மறுபடியும் கூப்பிட்டு, ஒன்றும் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்துவிட்டார்கள் என்றேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

அஃபீபா ஒன்று நாற்பதுக்கு இறந்ததாகச் சொல்கிறீர்கள். சேலத்து ரத்தம் இரண்டு மணிக்கு வந்ததாம். அன்பரசின் பட்டறை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை அவர் வெளியே போவதில்லை.

முதல் அரை மணி நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மேடம். ஆடியிலிருந்து ஆறு மாதமாக நான் எது எழுதினாலும் அதன் கீழே யாராவது ஒருவர் பச்சைப் பட்டு என்று எழுதிச் சிரிப்பார். அந்த இரண்டு மணி நேரத்தில் பரக்கத் அலி என்னை ஆறு முறை கூப்பிட்டார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே நம்பினார். சுங்கச்சாவடியை நம்பினார், லாரியை நம்பினார், நிலவனை நம்பினார். டேப்பைக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒருவர் நம்பும்போது நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

மூன்றரைக்கு இரங்கல் செய்தி போட்டேன், நல்ல படத்தோடு. குழுவையும் திறந்துவிட்டேன். நூற்று எண்பத்தெட்டுப் பேர் கைகூப்பினார்கள். நான் போட்ட எதற்கும் அத்தனை வந்ததில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு நான் போகவில்லை, லாரி வரிசை அதிகம். அன்பரசு போயிருக்கிறார். அங்கே பரக்கத் அலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வழில எங்க மாட்டிக்கிட்டீங்க அன்பு? நீங்க என்ன பண்ணுவீங்க, லாரி கவுந்தா" என்று ஆறுதல் சொன்னாராம். அன்பரசு, "எந்த லாரிங்க பாய்?" என்று கேட்டிருக்கிறார். பிறகு தன் போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். செய்தியை அட்மின் நீக்கிவிட்டார் என்ற ஒரு வரியும், கீழே டீச்சரின் அருமையும் இருந்தன. தௌசீப் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தது அன்று சாயங்காலம்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். செய்தியை நீக்கியது விதிப்படி. ஆள் வருகிறது என்று சொன்னது விதியில் இல்லை. அந்தப் பெண் சாகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். ஒரு மணிக்கு அவர் மன்னிப்புக் கேட்டபோதே தெரிந்துவிட்டது.

அன்பரசு வேறொரு குழு ஆரம்பித்துவிட்டாராம். இரண்டே நாளில் எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். வெளியேறினார், வெளியேறினார் என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது, டீச்சர் உட்பட. இவ்வளவு வருடப் பழக்கத்துக்கு ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இப்போது குழுவில் இரண்டு பேர் இருக்கிறோம், நானும் பரக்கத் அலியும்.

அவருடைய போன் அன்றிலிருந்து உங்கள் அலமாரியில், சாட்சிக் கவரில் கிடக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். வெளியேறுவதற்கு ஒரு விரல் போதும். போனை உங்களிடம் கொடுப்பதற்கு முன் அவர் அதைச் செய்திருக்கலாம், செய்யவில்லை. அவருக்கு என்மேல் வருத்தம் எதுவும் இல்லை, மேடம். நாளைக்கு ஆறரை மணிக்கு என் போனை ஐந்து நிமிடம் மட்டும் கொடுங்கள். அந்த மனுஷன் பாட்டுக்காகக் காத்திருப்பார்.