எழும்பாத மெஷின்

மெஷின் எழும்ப நேரமானால் எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் போக மாட்டேன், திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். உங்கள் மேசையில் இருக்கும் கணினியும் திணறுகிறது, ஐயா. வேண்டுமானால் பார்த்துத் தருகிறேன். சரி, அது பிறகு.

மீன்களை உறைய வைக்கும் கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவற்றில் ஒன்றுதான் உயிர்நாடி. குளிரூட்டும் அமோனியா வாயு எங்காவது கசிந்தால் அது சங்கு ஊதும், கம்ப்ரசர் அறையின் விசிறிகளையும் ஓட்டும். அந்த அறையில் ஒரு வால்வு எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். விசிறிகள் ஓடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கும் தெரியும்.

என் மனைவியின் தம்பிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கெட்டிக்காரன். திரையில் வரும் ஆங்கிலத்தைப் பார்த்துத் தொழிலாளர்கள் திருதிருவென்று விழிப்பதைக் கண்டு, அத்தனை செய்திகளையும் நம் மொழியில் மாற்றினான். சுமை தூக்குகிறவர்கள்கூட நின்று வாசித்தார்கள். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். என் தோளை அவர் அதுவரை தொட்டதில்லை. வீட்டில் மனைவி, "என் தம்பி கை வச்சா எதுவும் சோடை போகாது" என்றாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை ஒளிப்பானேன்?

பிழையை நான் தேடிப் போகவில்லை. கணினி விழிப்பதற்கு முன்னால் பூட் லோடர் என்ற சின்ன நிரல் எழுந்து, எதை எப்படித் தொடங்குவது என்று ஒரு கோப்பைப் படிக்கும். அந்தக் கோப்பில் ஒவ்வொரு செய்தியும் இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மச்சினன் தன் மொழிபெயர்ப்பில், அழுத்த வேண்டிய விசையின் பெயருக்கும் அழகாக அதே குறியைப் போட்டிருந்தான். பூட் லோடருக்கு அழகெல்லாம் தெரியாது. செய்தி அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் புரியாமல் குழம்பி நின்றுவிடும். என் உதிரிக் கணினியில் சோதித்தபோது அப்படித்தான் நின்றது. கறுப்புத் திரை, மினுக்கும் ஒரு கோடு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் இது தெரியாது, அணைந்து எழும்போதுதான் தெரியும்.

குறியை அழித்தால் தீர்ந்தது. நான் அழிக்கவில்லை. ஒரே ஒரு தடவை எல்லார் முன்னாலும் அவன் திணறட்டும், நான் போய் நிமிர்த்துகிறேன் என்று நினைத்தேன். வளர வேண்டியவன் கொஞ்சம் அடிபட்டால் நல்லதுதான்.

அன்று எனக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கிடங்கில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. போன் அடித்தது.

"அத்தான், மெஷின் எழும்ப மாட்டேங்குது. கறுப்பா நிக்குது. விசிறியும் ஓடல. மேனேஜர்கிட்ட சொல்லி ஆளுங்கள வெளியே அனுப்பட்டுமா?"

"வேண்டாம்டா, பேரைக் கெடுத்துக்காதே. நான் வந்து பாத்துக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன். தட்ட வேண்டிய கட்டளைகளைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அவனும் தட்டியிருப்பான். ஆனால் பிறகு அவன் சரிசெய்ததாகத்தானே பேச்சு வரும்?

நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப்பாட்டு அறையில் யாரும் இல்லை. அடுத்த அறையிலிருந்து வந்த நெடி மூக்கைத் துளைத்தது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்து தட்டினேன். மெஷின் எழுந்தது, சங்கு ஊதியது. திரையில் அவன் எழுதிய வாக்கியம் வந்தது: கம்ப்ரசர் அறையில் வாயு, உள்ளே போகாதீர்கள். நல்ல வாக்கியம், குழந்தைக்கும் புரியும். ஓடி வந்த மேனேஜருக்கு மெஷினைக் காட்டினேன். அவர் என் தோளைத் தட்டினார். "உங்க மச்சினன் எங்கே?" என்று கேட்டதும் அவர்தான்.

வால்வைத் தானே மூடிவிடலாம் என்று, முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். நான் சொன்னபடி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனை அவர்கள் தூக்கிவந்த நேரத்தில் நான் கோப்பைத் திறந்து அந்தக் குறியை அழித்துக்கொண்டிருந்தேன். செத்தவன் மேல் பழி வரக்கூடாது அல்லவா?

இப்போது கண்ணை மூடினால் கறுப்பு, அதில் அந்தக் கோடு மினுக்குகிறது. தட்டு, தட்டு என்று காத்திருக்கிறது. பயமாக இருக்கிறது, ஐயா. போன் அடித்தால் எடுக்கக் கை வருவதில்லை, மனைவிதான் எடுக்கிறாள். "அவன் கடைசியா உங்ககிட்ட என்னங்க சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அழுது முடித்துவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள்.

உங்களிடம் மறைக்கவில்லை. போனை வைக்கும் முன் அவன் சொன்னது, "சீக்கிரம் வாங்க அத்தான், கண்ணு எரியுது" என்பதுதான். தெளிவாகவே காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மேனேஜர் முன்னால் கசங்கிய சட்டையோடு போய் நிற்க முடியாது, பாருங்கள்.